இரண்டாவது கவுண்டருக்கு இன்னொரு லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: பொள்ளாச்சியில் மளிகைக் கடை நடத்துகிறேன். ஏழு வருடமாக ஒரே கவுண்டர், சிங்கிள் யூசர் பில்லிங் சாஃப்ட்வேர். கூட்டம் சமாளிக்க முடியாமல் இரண்டாவது சிஸ்டம் வாங்கிவிட்டேன். டீலர், மல்டி யூசருக்கு மாறினால்தான் ஆகும் என்று பெரிய தொகை சொல்கிறார். அக்கா மகனோ, "ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிப் போட்டா ஓடும் மாமா" என்கிறான். இப்போதெல்லாம் சாயங்கால நேரத்தில் பில் போடவும் இழுக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் மருமகன் சொல்வது பாதி உண்மை. டாங்கிள் பூட்டோ (யூஎஸ்பியில் செருகும் சாவி) ஆன்லைன் ஆக்டிவேஷனோ இல்லாத சாஃப்ட்வேர் என்றால் காப்பி செய்தாலும் ஓடக்கூடும். அன்று ராத்திரி கணக்கு முடிக்க உட்காரும்போதுதான் வில்லங்கம் தெரியும்.

ஃபோல்டரோடு டேட்டாவும் சேர்ந்து காப்பியாகிறது. அந்த நிமிடத்திலிருந்து உங்களுக்கு இரண்டு கடை. முதல் கவுண்டரில் 30 பாக்கெட் சர்க்கரை விற்றது இரண்டாவதற்குத் தெரியாது. இரண்டுமே 1251-ஆம் எண்ணில் பில் அடிக்கும். ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண் 16 எழுத்துக்குள், தொடர்வரிசையாக, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள அதே விதி இடம் தருகிறது. கவுண்டருக்கு ஒரு முன்னெழுத்து கொடுத்துப் பிரித்துவிடலாம், அதில் தப்பில்லை. ஆனால் இருப்புக் கணக்கை அப்படிப் பிரிக்க வழியே இல்லை. மாதக் கடைசியில் இரண்டு டேட்டாவையும் கையால் சேர்க்க உங்கள் ஆடிட்டர் ஆபீஸ் பையன் கேட்கும் கூலியையும் கணக்கில் வையுங்கள்.

சட்டப் பக்கமும் உண்டு. முறையாக வாங்கிய சாஃப்ட்வேரைப் பாதுகாப்புக்காக ஒரு பேக்கப் பிரதி எடுத்து வைக்க 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தப் பிரதியை இன்னொரு கவுண்டரில் ஓட்டி வியாபாரம் செய்வது வேறு விஷயம். சட்டத்துக்குப் புறம்பான பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 63பி பிரிவில் ஏழு நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். பொள்ளாச்சி மளிகைக் கடைக்கு யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு நாள் டேட்டா கெட்டுப்போய் டீலரைக் கூப்பிடும்போது, காப்பி போட்ட சிஸ்டத்தை அவர் தொட மாட்டார்.

இனி டீலர் பக்கம். அவர் கேட்கும் தொகைக்குத் தலையாட்டுவதற்கு முன், அவருடைய சாஃப்ட்வேர் லைசென்ஸை எதை வைத்து எண்ணுகிறது என்று கேளுங்கள். சிலவற்றில் கணினியை எண்ணுவார்கள். சிலவற்றில் பெயர் பதிந்த ஆட்களை எண்ணுவார்கள். காலை ஒரு பையன், மாலை ஒரு பையன் என்று ஒரே கவுண்டரில் ஷிஃப்ட் மாறினாலும் இரண்டு லைசென்ஸ். சிலவற்றில் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களை மட்டும் எண்ணுவார்கள். கடைக்கு இதுதான் லாபம். உதாரணமாக, டேலிபிரைம் என்ற கணக்கு சாஃப்ட்வேரில் சில்வர் லைசென்ஸ் ஒரு கணினிக்கு. கோல்டு ஒரே இடத்தில் லேன் கேபிளால் இணைந்த பல கணினிகளுக்கு. உங்களுடையதில் முழு மல்டி யூசருக்குப் பதிலாக ஒரு கவுண்டருக்கு மட்டும் கூடுதல் லைசென்ஸ் கிடைக்குமா என்று விசாரியுங்கள். டீலர்கள் அதைத் தாமாக வாய் திறந்து சொல்வது அபூர்வம்.

ரிமோட்டில் இணைத்து ஒரே லைசென்ஸை இரண்டு பேர் ஓட்டலாம் என்று யாராவது அடுத்த யோசனை சொல்வார்கள். விண்டோஸ் ஹோம் பதிப்புள்ள கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையவே முடியாது. புரோ பதிப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான்; இரண்டாமவர் நுழைந்தால் முதலாமவர் வெளியே. அதை உடைக்க இணையத்தில் கிடைக்கும் ஒட்டுவேலை மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்துக்கு விரோதம். அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் நின்றும் போகலாம். தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் இலவசம் என்பது சொந்த உபயோகத்துக்கு மட்டும்.

விண்டோஸைப் பற்றி வேறு கவலை வேண்டாம். கோப்பு, பிரிண்டர் பகிர்வுக்கு 20 கணினிகள் வரை இணைய சாதாரண விண்டோஸ் ஒப்பந்தமே அனுமதிக்கிறது. இரண்டு கவுண்டருக்காக விண்டோஸ் சர்வர் வாங்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சாயங்காலம் பில் இழுக்கிறது என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான். பில்லிங் சாஃப்ட்வேருக்கு அடியில், பில்களையும் சரக்குக் கணக்கையும் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் ஒன்று இருக்கிறது. நம் ஊர்க் கடை சாஃப்ட்வேர்கள் பலவற்றில் அது மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். இலவசம், ஆனால் அளவு உண்டு. 2008 ஆர்2 பதிப்பிலிருந்து 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. பிராசஸரில் நான்கு கோர்களுக்கு மேல் பயன்படுத்தாது. டேட்டாவை நினைவகத்தில் வைத்துக்கொள்ள, 2016-க்குப் பிந்திய பதிப்புகளில் 1,410 எம்பிதான். வேகம் வேண்டுமென்று 16 ஜிபி ரேம் வாங்கிப் போட்டாலும் அது ஏறெடுத்துப் பார்க்காது.

நாளைக்கு 400 பில், பில்லுக்குப் பத்துச் சரக்கு என்றால் 4,000 வரி. வரிக்கு ஒரு கேபி என்று தாராளமாக வைத்தாலும் நாளுக்கு 4 எம்பி, வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை ஜிபி. ஏழு வருடத்தில் 10 ஜிபி! நீங்கள் ஏழு வருடம் என்று எழுதியதைப் படித்ததும் நான் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு தீபாவளிக்கு முந்தின சாயங்காலம், தெரிந்த துணிக்கடை ஒன்றில் மூன்று கவுண்டரும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. அளவு நிரம்பியிருந்தது. பழைய பில்களைப் பார்க்க முடிந்தது. புதிதாக ஒன்று போட முடியவில்லை. அன்று ராத்திரி வரை கார்பன் பேப்பர் வைத்துக் கையால் பில் எழுதினார்கள்.

பழைய பில்களை அழித்துவிட்டால் தீராதா என்றால், அவசரப்படாதீர்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்கு 2031 டிசம்பர் 31 வரை இருந்தாக வேண்டும். நல்ல வழி, நிதியாண்டு வாரியாகத் தனி டேட்டாபேஸாகப் பிரிப்பது. 10 ஜிபி என்பது ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனித்தனி எல்லை என்பதால் இது விதிக்கு உட்பட்டதே. 2025 பதிப்பு எக்ஸ்பிரஸில் இந்த எல்லையை 50 ஜிபியாக உயர்த்திவிட்டார்கள். ஆனால் உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் அதில் ஓடுமா என்று தயாரித்தவர்தான் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கும் ஸ்டாண்டர்டு பதிப்பு இந்த அளவு கடைக்கு வீண் செலவு.

ஏஎம்சியையும் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பேச்சோடு பேச்சாக முடித்துக்கொள்ளுங்கள். 'லைஃப்டைம் லைசென்ஸ்' என்றால் இன்றுள்ள பதிப்பு ஆயுசுக்கும் ஓடும் என்பதே பெரும்பாலும் அர்த்தம். அப்டேட்டுக்கு வருடா வருடம் தனியாகக் கட்ட வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியதே, அன்று வரி விகிதத்தை நீங்களே மாற்றினீர்களா, டீலரைக் கூப்பிட்டீர்களா? கூப்பிட்டிருந்தால் உங்களுக்கு ஏஎம்சி தேவை. வருடச் சந்தா முறைக்கு மாறச் சொன்னால், சந்தா முடிந்த பிறகும் பழைய பில்களைத் திறந்து பார்க்க முடியுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 72 மாதக் கணக்கு அங்கேயும் நிற்கிறது.

இன்று கடை அடைத்த பிறகு ஒரு வேலை செய்யுங்கள். பழைய சிஸ்டத்தில் எம்டிஎஃப் என்று முடியும் டேட்டா கோப்பைத் தேடி அளவைப் பாருங்கள். மருமகனுக்கு இது தெரிந்திருக்கும். 8 ஜிபியைத் தாண்டியிருந்தால் இரண்டாவது கவுண்டரை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, முதலில் டீலரிடம் டேட்டாபேஸைப் பிரித்து வாங்குங்கள். 3, 4 ஜிபிதான் என்றால் அளவு காரணமில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டுப் பாருங்கள். அதற்கு முன் டீலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் மாறினால் சில சாஃப்ட்வேர்கள் வேறு கணினி என்று நினைத்து லைசென்ஸைப் பூட்டிவிடும்.