பதில்: பிஆர்சி-77, அடர்காடு, 3 கி.மீ. கணக்கு

பிஆர்சி-77 என்ற முதுகில் சுமக்கும் ராணுவ வானொலி செட் அடர்காட்டில் 3 கி.மீ. எட்டுமா என்று பார்க்க, மரங்களால் அலை எவ்வளவு குறையும் என்று சொல்லும் வைஸ்பெர்கர் சூத்திரத்தில் 50 மெகாஹெர்ட்ஸ், 3,000 மீட்டர் போட்டு 63 டெசிபல் (அலை வலிமை குறைவதன் அளவு) கூடுதல் இழப்பு என்று எடுத்திருக்கிறீர்கள். பெருக்கல் சரிதான், சூத்திரம்தான் இந்த இடத்துக்கு ஆகாது. அது 230 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், 400 மீட்டர் வரையிலான மரத்தடுப்புக்கு மட்டும். வியட்நாம் காட்டில் இந்த செட் பயன்படுத்திய 30–76 மெகாஹெர்ட்ஸில் அலை மரங்களைத் துளைத்துக்கொண்டே போவதில்லை. மேலேறி, உச்சிக்கிளைகளை ஒட்டிப் போய், மறுமுனையில் இறங்குகிறது. ஏறி இறங்கும் இழப்பு இரண்டே தடவை. அதன்பின் தூரம் இரட்டிப்பானால் சுமார் 12 டெசிபல்தான் குறையும்.

அதனால் அளந்து கணக்கிடுங்கள். 500 மீட்டரில் ஒருவரைப் பேசவிட்டு, கேட்கும் செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே அட்டென்யுவேட்டர் (அலையை வேண்டிய டெசிபல் அளவு குறைக்கும் கருவி) வைத்து, பேச்சு புரியாமல் போகும்வரை அதன் அளவைக் கூட்டுங்கள். 24 டெசிபல் வரை தாங்கினால், 12 வீதம் தூரம் இரண்டு தடவை இரட்டிப்பாகலாம்; சமதளத்தில் ஏறக்குறைய 2 கி.மீ. எட்டும். குறுக்கே மேடு வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அட்டென்யுவேட்டர் மாட்டிய செட்டில் பேசும் பொத்தானை மறந்தும் அழுத்தாதீர்கள், சின்ன அட்டென்யுவேட்டர் 2 வாட்டில் கருகிவிடும்.

3 கி.மீ. எட்டவில்லையா? முதலில் 3 அடி ஆன்டெனாக் கம்பியைக் கழற்றி 10 அடியைப் போடுங்கள். வெட்டவெளி கிடைத்தால், அதில் எதிர்முனையிலிருந்து அதிகத் தள்ளி உள்ள ஓரத்தில் நில்லுங்கள். முன்னால் திறந்தவெளி இருக்கும். மழையில் இலை நனைந்தால் எட்டும் தூரம் இன்னும் குறையும், கணக்கில் கொஞ்சம் டெசிபல் மிச்சம் வையுங்கள்.