ஆளுக்கொரு யோசனை, ஊசி மட்டும் எனக்கா?

(கர்ப்பகால மரபணுப் பரிசோதனை பற்றி வந்த கடிதங்களுக்கு, மரபணு ஆலோசகராக இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவரின் பதில்கள்)

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 36 வயது. ஆறு வருடம் கழித்து உண்டாகியிருக்கிறேன். இப்போது 11 வாரம். "இந்த வயதுக்கு மரபணுப் பரிசோதனை எடுத்துவிடுவது நல்லது" என்றார் டாக்டர். "நம் வீட்டில் யாருக்கும் அப்படியெல்லாம் இல்லை, எதற்கு வீண் வேலை?" என்கிறார் மாமியார். என் அக்காவோ, "தெரிந்து என்ன செய்யப் போகிறாய்?" என்கிறாள். அலுவலகத் தோழி, "நான் எடுத்தேன், அப்புறம்தான் தூக்கமே வந்தது" என்கிறாள். கணவர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்க்கிறார். பரிசோதனையில் முக்கியமாகத் தேடுவது டவுன் சிண்ட்ரோமை, அதாவது ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வரும் குறைபாட்டை என்கிறார்கள். அப்படி ஒரு குழந்தையை நான் பக்கத்தில் பார்த்ததுகூட இல்லை. எப்படி முடிவெடுப்பது?
- பெயர் வேண்டாம்

பதில்: ஐந்து பேரில் உங்கள் கணவர் சொன்னதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. "உன் இஷ்டம்" என்பது கேட்க மரியாதையாக இருக்கும். பல வீடுகளில் அதன் பொருள், "நாளைக்கு ஏதாவது ஆனால் என்னைக் கேட்காதே" என்பதுதான். என் அறைக்கு வரும் தம்பதிகளில் இரண்டு வகை. மனைவியிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் கணவரே பதில் சொல்வது ஒன்று. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, "அவளையே கேளுங்க மேடம்" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டுமே ஒன்றுதான்.

டாக்டர் சொன்ன "நல்லது" என்ற சொல்லுக்கு வருவோம். "எடுக்கலாம், வேண்டாம் என்றாலும் சரி" என்று அவர் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள். 35 வயது என்ற எல்லை வந்த கதையைக் கேளுங்கள். பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கும் ஆம்னியோசென்டசிஸ் பரவிய காலத்தில், ஊசியால் கரு கலையும் அபாயமும் குரோமோசோம் கோளாறு இருக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய சமமாகும் வயது 35 என்று கணக்குப் போட்டார்கள். 34-க்கும் 36-க்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை. டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பு 35 வயதில் சுமார் 350-இல் ஒன்று, 40-இல் சுமார் 100-இல் ஒன்று, படிப்படியாகத்தான் ஏறுகிறது.

மாமியார் சொல்வது தவறு, ஆனால் அவர் மேல் குற்றமில்லை. பெரும்பாலான டவுன் சிண்ட்ரோம் பரம்பரையாக வருவதில்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது 21-வது குரோமோசோம் ஜோடி பிரியாமல் போவதால் வருவது. அதனால் 'வீட்டில் யாருக்கும் இல்லை' என்பது ஒரு உத்தரவாதமும் ஆகாது.

தோழியின் தூக்கம் இருக்கிறதே, அதற்குக் காரணம் அவருக்கு 'குறைந்த அபாயம்' என்று ரிப்போர்ட் வந்தது. வேறு மாதிரி வந்தவர்கள் அலுவலகத்தில் அதைப் பேசுவதில்லை. அதனால் உங்கள் காதில் விழுவதெல்லாம் ஒரு பக்கத்துக் கதைகள்.

ஊசிக்குப் பயப்பட வேண்டாம். முதல் கட்டமாக இப்போது எடுப்பது உங்கள் கையிலிருந்து ரத்தம் மட்டுமே. நஞ்சுக்கொடியின் டிஎன்ஏ துணுக்குகள் தாயின் ரத்தத்தில் மிதக்கும். 1997-இல் டென்னிஸ் லோ என்ற விஞ்ஞானியின் குழு கண்டுபிடித்தது இது. 2011-இலிருந்து பரிசோதனையாக நடைமுறைக்கு வந்தது. 10 வாரத்துக்கு மேல் எப்போதும் எடுக்கலாம். ஆனால் ஒன்று: ஊசி என்றபோது 'வேண்டாம்' சொல்ல ஒரு காரணம் இருந்தது. 'வெறும் ரத்தம்தானே' என்று ஆனபிறகு, மறுப்பவள் பிடிவாதக்காரி ஆகிவிடுகிறாள். மற்ற ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளோடு இதையும் சேர்த்து நீட்ட, எதற்கு என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் கதையையும் சொல்கிறேன். 37 வயதில் ஆம்னியோசென்டசிஸ் செய்துகொண்டேன். நானே முடிவெடுத்தேன் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், 'ஆலோசகரே எடுக்கவில்லையாம்' என்று உடன் வேலை செய்பவர்கள் பேசுவார்களே என்ற கூச்சம்தான். ரிப்போர்ட் வரும்வரை இரண்டு வாரம் தொளதொள உடைகளாகப் போட்டுக்கொண்டு திரிந்தேன். வயிறு யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டுவிட்டால் குழந்தை நிஜமாகிவிடும்.

உங்கள் அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி, அதைத் தீர்ப்பாகச் சொல்லாமல் கேள்வியாகவே கேட்டால். தெரிந்தால் கர்ப்பத்தைத் தொடர மாட்டேன் என்பவர்கள் உண்டு. தொடர்வேன், ஆனால் முன்கூட்டியே தயாராக வேண்டும் என்பவர்கள் உண்டு. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பாதிப்பேர் வரை இதயக் கோளாறோடு பிறப்பதால் அதுவும் நியாயமான காரணம். எனக்குத் தெரியவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. நீங்களும் கணவரும் தனித்தனித் தாளில் 'ரிப்போர்ட் மோசமாக வந்தால் நான்...' என்று எழுதி, மாற்றிப் படியுங்கள். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும்.

கேள்வி: மனைவிக்கு 13-வது வாரம். ஸ்கேனையும் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்ததில் '180-இல் 1, அதிக அபாயம்' என்று வந்திருக்கிறது. "அவள் பக்கத்தில் யாருக்காவது இருந்திருக்கும்" என்கிறார் என் அம்மா. உடனே ஊசி போட்டுவிடச் சொல்லி எல்லோரும் நெருக்குகிறார்கள். அவள் இரவெல்லாம் அழுகிறாள்.
- ஒரு கணவர்

பதில்: தம்பி, ஒரு தாளில் 180 புள்ளி வையுங்கள். ஒன்றை மட்டும் வட்டமிடுங்கள். இதை நான் பென்சிலால் செய்துகாட்டுவது வழக்கம். ஒருமுறை ஒரு மாமியார் அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இத்தனையில ஒண்ணுதானா? நான் பாதிக்குப் பாதின்னு நெனச்சேன்" என்றார். அதுவரை மருமகள் முகத்தைப் பார்க்காமல் இருந்தவர், நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். உங்கள் அம்மாவுக்கும் அந்தத் தாளைக் காட்டுங்கள். 'அவள் பக்கம்' பேச்சுக்கு முதல் பதிலிலேயே காரணம் இருக்கிறது. அதை அம்மாவிடம் சொல்ல வேண்டியது நீங்கள், உங்கள் மனைவி அல்ல.

இது வடிகட்டும் பரிசோதனை, நோய் இருக்கிறது என்ற முடிவல்ல. அடுத்து மேலே சொன்ன டிஎன்ஏ ரத்தப் பரிசோதனை எடுக்கலாம். அதில் சந்தேகம் வந்தால் ஊசிதான் உறுதி சொல்லும். உறுதியான பதில் நேராகவே வேண்டுமென்றால் நஞ்சுக்கொடித் திசுவை இப்போதே எடுக்கலாம், அல்லது 15 வாரம் ஆனதும் ஆம்னியோசென்டசிஸ். ஊசியால் கரு கலையும் அபாயம் முன்பு நினைத்ததைவிடக் குறைவு. இனி எந்தப் பரிசோதனையும் வேண்டாம் என்று இத்தோடு நிறுத்தவும் உங்கள் மனைவிக்கு உரிமை உண்டு. எல்லோரும் நெருக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அழுகிறவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

கேள்வி: நான் பரிசோதனை வேண்டாம் என்று சொன்னவள். மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், நான்கு வயது. நான் வெளியே கிளம்பினால் என் செருப்பில் ஒன்றை ஒளித்துவைத்துவிட்டுச் சிரிப்பாள். பார்ப்பவர்கள் அவள் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "டெஸ்ட் எடுக்கலையா?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
- ஒரு அம்மா

பதில்: அவள் பெயரைச் சொல்லுங்கள். அதற்கு மேல் எதையும் விளக்க நீங்கள் கடமைப்படவில்லை.

எனக்கு ஓர் உதவி வேண்டும். முதல் கேள்வி எழுதியவர், இப்படி ஒரு குழந்தையைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை என்கிறார். அவரை எந்தப் பக்கமும் இழுக்க வேண்டாம். உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று, களைப்பையும் மறைக்காமல், அவருக்குச் சொல்ல முடியுமா? சம்மதம் என்றால் இதழுக்கு ஒரு வரி எழுதுங்கள், நான் இருவரையும் இணைக்கிறேன். செருப்பு கிடைத்ததா என்பதையும் எழுதுங்கள்.