பக்கத்து வீட்டுக்காரருக்கு 30 நாள் கரண்ட், அப்பாவுக்கு ஐந்தே தடவைதானா? அதிக டோஸ் கதிர்வீச்சு கட்டிக்குள் என்ன செய்கிறது?

நுரையீரலில் சின்னக் கட்டி, ஐந்து தடவையில் கதிர்வீச்சு முடிந்துவிட்டது, தெருவில் இன்னொருவருக்கு முப்பது நாள் ஓடியது, நமக்குக் குறைத்து வைத்துவிட்டார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். குறைக்கவில்லை. கூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் மதுரையில் கதிர்வீச்சு மெஷின் ஓட்டும் டெக்னீஷியன், டாக்டர் இல்லை. இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருமுறையாவது என் காதில் விழும். இரண்டு வருடம் முன்பு மேலூர்ப் பக்கத்திலிருந்து என் சித்தப்பாவே இதே மாதிரிக் கட்டியோடு வந்தார். கடைசி நாள் மேசையிலிருந்து இறங்கியதும் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஏன்டா, எங்கூரு வாத்தியாருக்கு முப்பது நாளு கரண்டு வச்சாக. என்னைய மட்டும் அஞ்சோட விரட்டுறீக?"

வாத்தியாருக்குத் தினம் 2 கிரே, முப்பது நாள், மொத்தம் 60. கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு. சித்தப்பாவுக்கு ஒரு தடவைக்கு 10 கிரே, ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத்தம் 50. வெறுமனே கூட்டினால் இவருக்குத்தான் குறைவு. ஆனால் ஒரே தடவையில் விழும் டோஸ் கூடக் கூட, சேதம் அதைவிட வேகமாக ஏறும். இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை டோஸை 10ஆல் வகுத்து, 1ஐக் கூட்டி, மொத்த டோஸால் பெருக்க வேண்டும். பெரும்பாலான கட்டிகளுக்கு இந்த 10தான் பழக்கம். வாத்தியாருக்கு 72 வருகிறது, சித்தப்பாவுக்கு 100.

ஏன் அப்படி ஏறுகிறது? சித்தப்பா மாடு வளர்ப்பவர் என்பதால் கயிற்றை வைத்துச் சொன்னேன். செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இரண்டு புரிக் கயிறு. ஒரு கிரே விழுந்தால் ஒரு செல்லில் சுமார் ஆயிரம் இடத்தில் ஒரு புரி அறும். கதிர் நேராக அறுப்பதைவிட, செல்லில் இருக்கும் தண்ணீரை உடைத்து, அதில் பிறக்கும் துடிப்பான மூலக்கூறுகள் அறுப்பதே அதிகம். ஒரு புரி அறுந்தால் கவலையில்லை, மற்றதைப் பார்த்து செல் சரிசெய்துவிடும். இரண்டு புரியும் ஒரே இடத்தில் அறுவது கிரேக்கு நாற்பது போலத்தான். அதுதான் செல்லைக் கொல்வது. பத்து கிரே ஒன்றாக இறங்கும்போது நானூறு அறுந்த கயிறு ஒரே நேரத்தில் கிடக்கிறது. அவசரத்தில் இந்த மாட்டுக் கயிற்றின் நுனியை அந்த மாட்டுக் கயிற்றோடு முடிந்துவிடுகிறது செல். அப்புறம் இரண்டாகப் பிரியப் போகும்போது இரண்டு மாடும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அங்கேதான் சாவு.

கவனியுங்கள், பிரியப் போகும்போதுதான். கதிர்வீச்சு வாங்கிய பல செல்கள் அன்றைக்குச் சாவதில்லை. உருவம் இருக்கும், சாப்பிடும், ஆனால் பெருகாது. இதைக் கேட்டதும் சித்தப்பா, "அவிச்ச நெல்லுன்னு சொல்லு. பாத்தா நெல்லு, வெதச்சா மொளைக்காது" என்றார். பதினோரு வருடத்தில் இதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு திருத்தம் மட்டும் போட்டேன். அவிப்பதற்குச் சூடு வேண்டும், இதில் சூடே கிடையாது. 10 கிரே விழுந்த இடத்தில் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட வெப்பம் ஏறாது. 'கரண்ட்' என்று நம் ஊரில் பேர் வைத்துவிட்டதால் எல்லோரும் கருகும் என்று நினைக்கிறார்கள்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் எல்லோருக்கும் ஐந்திலேயே முடிக்கலாமே? முடியாது. நல்ல திசுவின் பின்னாள் சேதத்துக்கு அதே கணக்கில் 10க்குப் பதில் 3 போட வேண்டும். போட்டால் வாத்தியார் முறைக்கு 100, சித்தப்பா முறைக்கு சுமார் 217. அதாவது பெரிய டோஸ் கட்டியை அடிப்பதைவிட நல்ல திசுவை மோசமாக அடிக்கும். முப்பது நாள் முறை வந்ததே நல்ல செல்லுக்கு ராத்திரிகளில் ஆற அவகாசம் கொடுக்கத்தான். பெரிய டோஸை அனுமதிப்பது குறி தப்பாமல் அடிப்பதுதான். கட்டி சின்னதாக இருந்து, ஓரத்தைத் தாண்டியதும் டோஸ் சடாரென்று இறங்க வேண்டும். அதனால்தான் உங்கள் அப்பாவை அவர் உடம்புக்கே அச்செடுத்த மெத்தையில் படுக்க வைத்திருப்பார்கள். காற்றை உறிஞ்சினால் அது கல் மாதிரி இறுகிவிடும். ஒவ்வொரு தடவையும் மெஷினிலேயே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவோம். மூச்சோடு கட்டியும் ஏறி இறங்கும், அடிநுரையீரலில் ஒரு சென்டிமீட்டருக்கு மேலேகூட. மூன்றாம் தடவை சித்தப்பா நடுவில் இருமிவிட்டார். நிறுத்தி, மறுபடி ஸ்கேன் எடுத்து, இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்ததைச் சரிசெய்து தொடர்ந்தோம்.

இன்னொரு பேச்சும் உண்டு. ஒரு தடவைக்கு எட்டு, பத்து கிரேயைத் தாண்டினால் கட்டிக்குச் சோறு போடும் ரத்தக்குழாய்களின் உள்சுவர் செல்களும் சாகின்றன, கட்டி பட்டினியில் விழுகிறது என்பார்கள். 2003இல் நியூயார்க்கில் எலிகளில் காட்டினார்கள். மனிதரில் அது எவ்வளவு தூரம் என்பதில் இன்னும் சண்டைதான். மேலே சொன்ன கணக்கே பெரும்பகுதியை விளக்கிவிடுகிறது என்ற கட்சியில் நான் இருக்கிறேன். ஒரு இடத்தில் கதிர் வைத்தால் எதிர்ப்பு சக்தி கிளம்பி வேறு இடத்துக் கட்டியும் சுருங்குவதற்கு 1953லேயே பெயர் வைத்துவிட்டார்கள். நடக்கும், ஆனால் அபூர்வம். யூடியூபில் பார்த்துவிட்டு அதை எதிர்பார்க்காதீர்கள்.

இனி நீங்கள் பயப்படப்போகும் இடம். மூன்று மாத ஸ்கேனில் கட்டி அப்படியே இருக்கலாம், சுற்றிலும் வெள்ளையாகப் படர்ந்து பெரிதாகக்கூடத் தெரியலாம். சித்தப்பாவின் ரிப்போர்ட்டில் அப்படித்தான் வந்தது. சித்தி ராத்திரி பத்து மணிக்குப் போனில் அழுதார். அது பெரும்பாலும் நுரையீரலில் வந்த வீக்கமும் தழும்பும்தான். ஆனால் கட்டி திரும்பினாலும் இதே மாதிரித் தெரியக்கூடும் என்பதால், முடிவை டாக்டர் பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துத்தான் சொல்வார். மூச்சு வாங்கினாலோ, வறட்டு இருமலோ காய்ச்சலோ வந்தாலோ அடுத்த ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள். பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்றால், தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து வைக்கும் கதிர் உடம்பில் தங்காது.

சித்தப்பாவின் கட்டி ஒரு வருடத்தில் சுருங்கிக் கோடு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கோடு ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் வருகிறது. இப்போதெல்லாம் முழுசாகப் படிக்கச் சொல்வதில்லை. "மொளச்சிருக்கா?" என்று மட்டும் கேட்பார்.