கணக்கு பூட்டிக்கொண்டால் கைகொடுப்பவர் யார்?

கடவுச்சொல்லும் மறந்து, போனும் தொலைந்துபோன வேளையில், நாம் முன்பே குறித்துவைத்த நம்பிக்கையான ஒருவரின் துணையோடு கணக்கைத் திரும்பப் பெறும் வசதிக்கு ‘மீட்புத் தொடர்பு’ என்று பெயர். ஆப்பிள் இதனை 2021இல் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 15உடனும், கூகுள் 2025 அக்டோபரிலும் அறிமுகப்படுத்தின. இது குறித்து வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

என் ஐபோனுக்குக் கணவரையே மீட்புத் தொடர்பாக வைத்திருக்கிறேன். அது போதாதா? (வாசகி, திருச்சி)

கணவரை வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் அவர் ஒருவரோடு நிறுத்திவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியர் இரவு ரயிலில் இருவர் போனையும் ஒரே கைப்பையில் வைத்துவிட்டு உறங்கினார்கள்; விடிந்து பார்த்தால் பையைக் காணோம். நல்ல வேளையாக அந்தப் பெண், மதுரையில் இருக்கும் தன் அக்காவையும் முன்பே சேர்த்திருந்தார். புதுப் போன் வாங்கியதும், பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அக்காவை அழைத்தார். அக்கா தன் போனின் செட்டிங்ஸைத் திறந்து, அங்கே கிடைத்த ஆறு இலக்க மீட்புக் குறியீட்டை இரண்டிரண்டாகப் பிரித்து நிதானமாகப் படிக்க, தங்கை மளிகைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டார்.

அந்த அழைப்பு சாத்தியமானதே அக்காவின் எண் அவருக்கு மனப்பாடமாக இருந்ததால்தான். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அவரது எண்ணைப் பழைய வழக்கப்படி நாட்குறிப்பிலோ காலண்டரிலோ எழுதிவையுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். ஆப்பிளில் ஐந்து பேர் வரை சேர்க்கலாம். அவர்களுக்கு 13 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐஓஎஸ் 15 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு ஓடும் கருவியும், அதில் பூட்டு எண்ணும், அவர்களுடைய கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பும் (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் ஏற்பாடு) இருக்க வேண்டும்.

அப்படிச் சேர்க்கப்படுகிறவர் என் படங்களையும் மின்னஞ்சலையும் பார்க்க முடியுமா? (வாசகர், ஈரோடு)

முடியாது. அவரால் உங்களை அடையாளம் காட்ட மட்டுமே இயலும். உங்கள் கணக்குக்குள் நுழைய அவருக்கு எந்த வழியும் இல்லை.

என்னுடையது ஆண்ட்ராய்டு போன். பல ஆண்டுகளுக்கு முன் ஃபேஸ்புக்கிலும் மூன்று நண்பர்களை இதற்காகத் தேர்ந்தெடுத்தேன். (வாசகர், நாகர்கோவில்)

ஃபேஸ்புக்கின் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டுவிட்டது. அதை நம்பியிருக்க வேண்டாம். கூகுள் கணக்கில் பத்துப் பேர் வரை சேர்க்கலாம். நீங்கள் கணக்கை மீட்க முயலும்போது உங்கள் திரையில் ஓர் எண் தோன்றும். அதை உங்கள் நண்பரிடம் சொன்னால், அவர் தம் திரையில் தெரியும் எண்களிலிருந்து அதே எண்ணைப் பதினைந்து நிமிடங்களுக்குள் தொட்டு உறுதிசெய்ய வேண்டும். எனவே நள்ளிரவிலும் போனை எடுக்கக்கூடிய ஒருவராவது பட்டியலில் இருக்கட்டும். அதன் பின்னும் கூகுள் கூடுதல் சரிபார்ப்பு கேட்கக்கூடும்.

‘என் கணக்கு பூட்டிக்கொண்டது, உனக்கு வந்திருக்கும் ஆறு இலக்க எண்ணை அனுப்பு’ என்று தோழியின் வாட்ஸ்அப்பிலிருந்து செய்தி வந்தது. அனுப்பலாமா? (வாசகி, கோவை)

அனுப்பவே அனுப்பாதீர்கள். நீங்கள் கேட்காமலேயே உங்கள் போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் எண், பெரும்பாலும் உங்கள் கணக்கைத் திறப்பதற்கான ஓ.டி.பி.; அதைக் கொடுத்த கணமே உங்கள் வாட்ஸ்அப் பறிபோகும், பிறகு உங்கள் பெயரிலேயே உங்கள் உறவினர்களிடம் பணம் கேட்பார்கள். ஆப்பிளின் மீட்புக் குறியீடு இப்படித் தானாக வந்து விழுவதில்லை. உதவுகிறவர் தம் செட்டிங்ஸுக்குள் சென்று, உரியவரின் பெயரைத் தொட்டு, தாமே வரவழைக்க வேண்டும்.

உண்மையிலேயே நீங்கள் தோழியின் மீட்புத் தொடர்பாக இருந்தாலும், செய்தியில் கேட்டால் செய்தியில் கொடுக்கக் கூடாது. அவர் குரலைக் கேளுங்கள். உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். ஐயம் தீர்ந்தால் மட்டும் வாய்மொழியாகச் சொல்லுங்கள். ‘இவ்வளவு அவசரத்திலும் என்னைச் சோதிக்கிறாயே’ என்று கோபித்துக்கொள்ளாத நண்பரும், அப்படிச் சோதிக்கத் தயங்காத நண்பருமே இந்தப் பொறுப்புக்கு ஏற்றவர்கள். ஏற்கெனவே எண்ணைக் கொடுத்துப் பணமும் போயிருந்தால், உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

எனக்கு 71 வயது. என் காலத்துக்குப் பின் பிள்ளைகள் படங்களை எடுத்துக்கொள்ள இதுவே போதுமா? (வாசகர், தஞ்சாவூர்)

போதாது ஐயா, அதற்குரிய ஏற்பாடு வேறு. ஆப்பிளில் ‘மரபுத் தொடர்பு’ என்று தனியாக ஒருவரைக் குறிக்க வேண்டும். அப்போது கிடைக்கும் அணுகல் சாவியையும் இறப்புச் சான்றிதழையும் காட்டினால் அவருக்குப் படங்களும் கோப்புகளும் கிடைக்கும். ஆனால் சேமித்துவைத்த கடவுச்சொற்கள் கிடைக்காது. அந்தச் சாவியை அச்சிட்டு, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். கூகுளில், கணக்கு 3 முதல் 18 மாதம் வரை நீங்கள் குறிக்கும் காலம் பயன்படாமல் இருந்தால், நீங்கள் சொன்னவர்களுக்குச் சொன்ன தரவு மட்டும் போய்ச்சேரும்படி இப்போதே அமைத்துவிடலாம்.

மனக்கசப்பில் பிரிந்துவிட்ட நண்பர் இன்னும் என் பட்டியலில் இருக்கிறார். (வாசகர், சேலம்)

இன்றே நீக்கிவிடுங்கள், ஆனால் அதற்கு முன் வேறொருவரைச் சேர்த்து, அவர் அழைப்பை ஏற்றுக்கொண்டாரா என்று பாருங்கள். ஏற்காதவரை அவரால் உங்களுக்கு உதவ முடியாது. கூடவே, கணக்கில் கொடுத்திருக்கும் மீட்பு மொபைல் எண் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா என்றும் சரிபாருங்கள். நீண்ட நாள் பயன்படுத்தாத சிம் துண்டிக்கப்பட்டு, அதே எண் பின்னர் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போய்விடுவதுண்டு.