பாடப்புத்தகத்தை எப்படிப் படிக்கலாம்? கேள்வி பதில்

திருமங்கலம், பி.ஏ. பொருளாதாரம்: மூணு தடவை வாசிச்சும் இன்டர்னல்ல ஒண்ணும் வரல மேடம். என்ன பண்றது?

நாலாவது தடவை வாசிக்க வேண்டாம். தலைப்பைக் கேள்வியா மாத்துங்க. ‘தேவை நெகிழ்ச்சி’ன்னு இருந்தா, ‘விலை ஏறினா எதை வாங்குறது குறையும், எது குறையாது, ஏன்?’னு பென்சில்ல எழுதிட்டு, அந்த ரெண்டு மூணு பக்கத்தை மட்டும் விடை தேடி வாசிங்க. புத்தகத்தை மூடுங்க. பார்க்காம அஞ்சு வரி எழுதுங்க, உதாரணம் உங்க சொந்தமா இருக்கணும். முகூர்த்த நாள்ல மல்லி விலை எகிறினாலும் கல்யாண வீட்டுல வாங்கித்தான் ஆகணும். தினம் ஒரு முழம் வாங்குறவங்க குறைச்சுக்குவாங்க. ஒரே பூவுக்கு ரெண்டு விதமான நெகிழ்ச்சி. இதை எழுத முடிஞ்சா பாடம் பிடிபட்டுடுச்சு. விட்டுப்போனதை வேற மையில சேருங்க. மறுநாளும், ஒரு வாரம் கழிச்சும் அதே கேள்விக்குப் பார்க்காம விடை எழுதுங்க.

ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல வெளியிட்ட சோதனையில, அஞ்சு நிமிஷத்துல கேட்டப்ப திரும்பத் திரும்ப வாசிச்சவங்க முந்தினாங்க. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டப்ப, பார்க்காம நினைவுபடுத்தி எழுதினவங்க முந்திட்டாங்க. செமஸ்டருக்கு ரெண்டாவது கணக்குதான் பொருந்தும்.

மேலூர், பி.காம்.: எந்த கலர் ஹைலைட்டர் நல்லது?

முதல் வாசிப்புல எதுவும் வேண்டாம். பத்தி முடிஞ்ச பிறகுதான் எது முக்கியம்னு தெரியும்.

உசிலம்பட்டி, பி.எஸ்சி. வேதியியல்: தமிழ் மீடியம்ல படிச்சேன். ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தை மேலயும் அர்த்தம் எழுதித்தான் வாசிக்கிறேன். ஒரு பக்கத்துக்கே ஒரு மணி நேரம் ஆகுது.

எல்லா வார்த்தைக்கும் எழுதாதீங்க. கண்ணு தமிழை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போகும், வாக்கியம் நழுவிடும். வரையறையில வர்ற வார்த்தை, ஒரே பக்கத்துல ரெண்டு தடவை வர்ற வார்த்தை, இதுக்கு மட்டும் ஓரத்துல அர்த்தம் எழுதுங்க. ‘அன்லெஸ்’, ‘வேர்ஆஸ்’, ‘ஹென்ஸ்’ மாதிரி இணைப்புச் சொல்லைத் தனியாப் பழகுங்க. ‘அன்லெஸ்’ஸைத் தவறவிட்டா நிபந்தனையே தலைகீழாயிடும்.

செல்லூர்: அர்த்தம் எழுதாதேன்னா முதல் தலைமுறைப் பசங்க என்ன பண்ணுவாங்க மேடம்? இங்கிலீஷ்ல வளர்ந்தவங்களுக்குச் சொல்ற யோசனை இது.

அவங்களை நினைச்சுத்தான் சொல்றேன் தம்பி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பக்கம்னா ரெண்டாவது யூனிட்டைத் தொடவே முடியாது. தமிழை விடச் சொல்லல. நம்ம பிளஸ் ஒன், பிளஸ் டூ அரசுப் புத்தகம் ரெண்டு மீடியத்துலயும் இருக்கு. வேதிப்பிணைப்புப் பாடத்தை முதல்ல தமிழ்ல வாசிங்க, அப்புறம் அதே பகுதியை இங்கிலீஷ்ல. கலைச்சொல் ஜோடியை நோட்டுல தமிழ் ஒரு பக்கம், இங்கிலீஷ் ஒரு பக்கம்னு எதிரெதிரா எழுதுங்க. கல்லூரிப் புத்தகம் அதுக்குப் பிறகுதான்.

செல்லூர்: முதல் யூனிட்டுக்காவது எழுதலாம்ல?

முதல் யூனிட்டுக்கு எழுதுங்க, ஒத்துக்கறேன். அந்தச் சொல்லே பின்னாடி திரும்பத் திரும்ப வரும். ஆனா அந்த நோட்டுல எழுதுங்க, வரி மேல வேண்டாம்.

பெருங்குடி: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கணும்?

மணி நேரத்தை எண்ணாதீங்க. பார்க்காம எத்தனை கேள்விக்கு எழுதினீங்கன்னு எண்ணுங்க.

அலங்காநல்லூர்: எத்தனை மணி நேரம், அப்புறம் ஹைலைட்டர்...

ரெண்டுக்கும் மேலேயே பதில் இருக்கு.

சமயநல்லூர்: எந்த காலேஜ்ல எம்.ஏ. சேரலாம்?

உங்க துறை ஆசிரியரைக் கேளுங்க.

திருநகர்: நூலகப் புத்தகத்துல கோடு போட முடியாதே?

போடவே கூடாது. ஏ4 தாளை நாலாக் கிழிங்க. துண்டுக்கு ஒரு கேள்வி: முன்பக்கம் கேள்வியும் பக்க எண்ணும், பின்பக்கம் உங்க சொந்த வாக்கியத்துல விடை. புத்தக வரியை அப்படியே எழுதிடாதீங்க. திருப்பிக் கொடுக்கிறதுக்கு முதல் நாள், விடை தப்பின துண்டுக்கு மட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்க.