பகிடிக்காரியின் கொப்பி

அன்பின் அக்கா,

போன மாதம் எழுதியதில் எம்மா தொம்சன் என்ற பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஹரி பொட்டர் படத்தில் பெரிய மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு சோதிடம் படிப்பிக்கும் டீச்சராகத்தான் எனக்கு அவரைத் தெரியும். அவர் பகிடி நடிகையாகத் தொடங்கியவர் என்கிறார்கள். எழுதவும் செய்வாரா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வாணி விழாவுக்கு ஆறு வருடமாக நான்தான் நாடகம் எழுதுகிறேன். எல்லாமே சிரிப்பு நாடகம். பிள்ளைகளோடு சேர்ந்து நானும் நடிப்பேன். இந்த முறை "ஒரு நல்ல நாடகமா எழுதுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டார்கள். நல்லது என்றால் அழவைப்பது. அம்மாவும், "பகிடிக்காரி எண்டு பேரெடுத்தா ஆரு மதிப்பா?" என்கிறா. சிரிப்பை விட்டுவிட்டு எழுதிப் பார்க்கவா?

ஒரு வாசகி,
திருக்கோவில்

அன்புள்ள தங்கச்சி,

விடவேண்டாம். என் பதில் அவ்வளவுதான். ஆனால் எம்மாவைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் நீளும்.

தகப்பனிடமிருந்து தொடங்குகிறேன். எரிக் தொம்சன் ஒரு நடிகர். 1960களில் பிபிசி ஒரு பிரெஞ்சு பொம்மைத் தொடரை வாங்கி, ஆங்கிலமாக்கும் வேலையை அவரிடம் கொடுத்தது. மனிதர் பிரெஞ்சு வசனத்தைச் சட்டை செய்யவே இல்லை. படத்தை மட்டும் பார்த்து, இந்த நாய் இப்போது என்ன சொல்லும், அந்த முயல் என்ன பதில் கொடுக்கும் என்று தானாகவே கதை கட்டினார். சின்னப்பிள்ளைகளுக்கென்று போட்ட ஐந்து நிமிட நிகழ்ச்சியைப் பெரியவர்களும் குந்தியிருந்து பார்த்தார்கள். தாய் பிலிடா லோவும் நடிகைதான். 1959இல் பிறந்த எம்மா வளர்ந்தது இந்த வீட்டில்.

இதைப் படித்தபோது எனக்கு என் பெத்தாதான் ஞாபகத்துக்கு வந்தா. மட்டக்களப்பு வாவியில் மண்முனைத் துறைக்குப் பாலம் வந்தது 2014இல். அதற்கு முன் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போவதென்றால் ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவைக்கு, நாம் 'பாதை' என்பதற்கு, காத்திருக்கவேண்டும். எதிர்க்கரையில் ஆட்கள் கையை ஆட்டிக் கதைப்பது தெரியும், ஒன்றும் கேட்காது. பெத்தா அந்தக் கைகளைப் பார்த்தே இரண்டு பேருக்கும் குரல் கொடுப்பா. "என்னகா, மாட்டுக்காசு இன்னும் வரல்லியா?" "வாற வெள்ளாமைக்குத் தாறன் எண்டு சொன்னன்தானே!" துறையில் நின்ற எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பெத்தாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. இருந்திருந்தால் எரிக் தொம்சனுக்குக் கொஞ்சம் போட்டி இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். பேத்தி சொல்வதால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எம்மா கேம்பிரிட்ஜில் இலக்கியம் படிக்கப் போனார். அங்கே மாணவர்களின் நகைச்சுவைக் கழகம் ஒன்று, பெயர் ஃபுட்லைட்ஸ். ஆண்களின் கோட்டை. 1980இல் அவரும் தோழிகளும் பெண்கள் மட்டுமே நடிக்கும் நிகழ்ச்சியை எழுதி மேடையேற்றினார்கள். அந்தக் கழகத்தில் அதுவே முதல் முறை. அடுத்த வருடம் ஸ்டீபன் ஃபிரை, ஹியூ லோரி ஆகியோரோடு எடின்பரோ விழாவில் பரிசு. அப்புறம் தொலைக்காட்சி, இசை நாடகம், நாடகத் தொடர்கள். இவற்றை வேகமாகத் தாண்டுகிறேன், ஏனென்றால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 1988.

அந்த வருடம் பிபிசி அவருக்கென்றே ஒரு தொடர் கொடுத்தது. பெயரே 'தொம்சன்'தான். எழுதியது அவர், முக்கியமாக நடித்ததும் அவர். ஆறு பகுதிகள். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். சிரிப்பு வரவில்லை என்றார்கள்.

மேடையில் சிரிப்பு வராமல் போனால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபத்தி நாலு வயதில் நான் எழுதிய நாடகத்துக்குச் சனம் ஒரே ஒரு முறை சிரித்தது, ஆடு ஒன்று மேடையில் ஏறியபோது. ஆட்டை நான் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து கொப்பியை அடுப்படியில் போட்டேன். அம்மா அதன் தாள்களைக் கிழித்து இரண்டு கிழமை தோசைச் சட்டி பிடித்தா.

எம்மாவின் கதை வேறு மாதிரிப் போனது. லின்ட்சி டோரன் என்று அமெரிக்காவில் ஒரு பெண் தயாரிப்பாளர். ஜேன் ஆஸ்டினின் 1811ஆம் வருடத்து நாவலான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைப் படமாக்க, சரியான ஆள் தேடிப் பல வருடம் அலைந்தவர். காதலும் எழுதத் தெரியவேண்டும், சிரிப்பும் வரவேண்டும், அந்தக் காலத்து ஆங்கிலம் நாக்கில் புரளவேண்டும். 1991இல் வந்த ஒரு படத்தில் எம்மாவோடு வேலை செய்த பழக்கத்தில், ஓடாமல் போன அந்தத் தொடரைப் போட்டுப் பார்த்தார். அதில் விக்டோரியா காலத்துக் குறுநாடகம் ஒன்று. கல்யாண இரவைப் பற்றி ஒன்றும் அறியாத புதுப்பெண், தாயிடம் வந்து சந்தேகம் கேட்கிறாள். டோரனுக்குத் தேடிய ஆள் கிடைத்துவிட்டது. அதுவரை ஒரு திரைக்கதைகூட எழுதியிராத எம்மாவிடம் வேலையைக் கொடுத்தார்.

எழுதி முடிய ஏறத்தாழ ஐந்து வருடம். எத்தனையோ தடவை திருத்தினார். இடையில் ஒரு நாள் கணினியில் இருந்த பிரதி முழுவதும் ஏதோ கிறுக்கல் குறிகளாக மாறிவிட, கணினியைத் தூக்கிக்கொண்டு ஸ்டீபன் ஃபிரை வீட்டுக்கு ஓடினார். பழைய மேடைக்கூட்டாளி ஏழு மணித்தியாலம் போராடி அதை மீட்டுக் கொடுத்தார். 1993இல் நடிப்புக்கு ஒஸ்கார் வாங்கியிருந்த எம்மா, 1996இல் இந்தத் திரைக்கதைக்கும் வாங்கினார். நடிப்பு, எழுத்து இரண்டுக்கும் வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அன்று மேடையில், ஆஸ்டினின் கல்லறைக்குப் போய் மரியாதை செலுத்திவிட்டு, படம் எவ்வளவு வசூல் என்றும் சொல்லிவிட்டு வந்தேன் என்றார். பகிடிக்காரிக்குப் புத்தி எங்கே போகும்!

சரி, பகிடி தெரிந்தது எழுத்துக்கு எப்படி உதவியது? தொடக்கத்தில் ஒரு காட்சி. சொத்து மகனுக்கே போகிறது. சாகக் கிடக்கும் தகப்பனுக்கு, சிற்றன்னையையும் தங்கச்சிமாரையும் கவனிப்பதாக மகன் வாக்குக் கொடுக்கிறான். 3000 பவுண் கொடுக்கலாம் என்பது அவன் எண்ணம். மனைவி நைசாகப் பேசிப் பேசித் தொகையைக் குறைத்துக்கொண்டே வருகிறாள். நாவலில் இது உட்கார்ந்து கதைக்கும் ஒரு நீண்ட பேச்சு. எம்மா அதை நறுக்கி, அறையில் கொஞ்சம், குதிரை வண்டியில் கொஞ்சம் என்று வழிநெடுகப் பரப்பினார். வண்டி வீட்டை நெருங்க நெருங்கத் தொகை தேய்ந்து, எப்போதாவது 20 பவுண் என்று வந்து நிற்கிறது. யாரும் யாரையும் ஏசவில்லை, கண்ணீர் இல்லை, நாலு பெண்கள் நடுத்தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஒரு வசனம் எங்கே முடிந்தால் அடுத்தது தைக்கும் என்ற கணக்கு, சிரிக்காத சனத்தின் முன்னால் நின்றவருக்குத்தான் இவ்வளவு துல்லியமாக வரும்.

(நம் பக்கத்தில் இந்தக் கதையே நடக்காது என்பதைக் கவனித்தீர்களா? வீடு வளவு மகளுக்கு. அந்தத் தங்கச்சிமார், டாஷ்வூட் சகோதரிகள், திருக்கோவிலில் பிறந்திருந்தால் அண்ணன்காரன்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குப் போயிருப்பான். இதை வைத்து ஒரு நாடகம் எழுதலாம். எழுதுங்கள்.)

இன்னொரு காட்சி, உங்களை அழவைக்கச் சொன்னவர்களுக்காக. மூத்தவள் எலினோர் வேடம் எம்மாவுக்கு. நாவலில் எலினோருக்குப் 19 வயது, எம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து. அவரே நடிக்கவேண்டும் என்று இயக்குநர் ஆங் லீ விடவில்லை, படத்தில் வயதைக் கூட்டிக்கொண்டார்கள். படம் முழுக்க எல்லாவற்றையும் நெஞ்சுக்குள் அடக்கிக்கொண்டு திரியும் பெண் அவள். கடைசியில் தான் விரும்பியவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டதும் உடைந்துபோகிறாள். விம்மலா, விக்கலா, சிரிப்பா என்று பிரிக்கமுடியாத ஒரு சத்தம். எதிரே ஹியூ கிரான்ட் காதலைச் சொல்கிறார், இவர் பாட்டுக்கு விம்முகிறார். என் பேச்சு முழுக்க அழப்போகிறாயா என்று அவர் எரிச்சல்பட்டாராம். ஆமாம், பகிடியே அதுதான் என்றாராம் எம்மா. நான் பார்த்த வீட்டில் சிரித்துக்கொண்டே எல்லோரும் மூக்கைத் துடைத்தார்கள்.

இதே நாவலின் சாயலில்தான் 2000இல் ராஜீவ் மேனன் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' எடுத்தார். வசனம் சுஜாதா. தபுவின் சௌம்யாதான் எலினோர். மம்மூட்டியின் இந்திய இராணுவ மேஜர் கால் இழந்தது நம் இலங்கையில் என்பதால், நாம் அதைப் பார்த்த விதமே வேறு. அதைப் பிறகொரு நாள் எழுதுகிறேன். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பாட்டில் தமிழ்ப்படம் எங்கோ போய்விடும். சிரிப்பில் எம்மாவின் எழுத்து முந்தும்.

இனி அம்மாவுக்கு. அவவிடம் கொம்பு விளையாட்டை ஞாபகப்படுத்துங்கள். கண்ணகை அம்மனுக்காக ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, கொம்புகளைக் கொழுவி இழுத்துப் பிடித்து, ஒருவரையொருவர் வசை பாடியதெல்லாம் சாமி காரியம்தானே? ஊரே சேர்ந்து பாடினால் சடங்கு, ஒரு டீச்சர் எழுதினால் மதிப்பில்லையா? அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்துப் பெண்கள் வாயாலேயே கட்டிய கவிகளில் மச்சான்மார் படும் பாட்டையும் கேட்கச் சொல்லுங்கள். கூத்துக் களரியில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி ஆடிய ஊர்களில், பெண்களின் பகிடி வயலிலும் துறையிலும் திண்ணையிலும்தான் கிடந்தது. அதைக் கொப்பியில் ஏற்ற ஒருத்தி வந்திருக்கிறாள் என்றால், அம்மா பயப்பட ஒன்றுமில்லை.

வாணி விழாவுக்கு நாள் இருக்கிறது. ஆறு வருடத்து நாடகங்களில் சனம் சிரிக்காமல் விட்ட ஒன்று கட்டாயம் இருக்கும். எனக்கு அதைத்தான் பார்க்க வேண்டும். கொப்பியைப் படம் பிடித்து அனுப்புங்கள், எழுத்து விளங்கினால் போதும். மறுகா கதைப்போம்.

அன்புடன்,
அக்கா