நியூசிலாந்தில் பூர்வகுடிகளான மாவோரிக் குடும்பங்களுக்கு மட்டும் தனியாக இலவசச் சட்ட உதவி, சட்ட வகுப்பு எல்லாம் எதற்கு? சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே?

நீங்கள் இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். வந்த புதிதில் எனக்கும் இதே கேள்வி இருந்தது.

முதலில் ஒன்று. நாடு முழுக்க இருக்கிற 24 சமூகச் சட்ட மையங்களும் வசதி குறைந்த எல்லாருக்குமானவை. அதற்குள் மாவோரிகளுக்கென்று தனிச் சேவையும் உண்டு. "எங்கள் வரிப்பணம்" என்று கிளம்புகிறவர்களுக்கு: செலவில் ஒரு பங்கு, வக்கீல்கள் கட்சிக்காரர்களுக்காக வைத்திருக்கும் டிரஸ்ட் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு வருகிற வட்டியிலிருந்து போகிறது.

நான் தெற்கு ஆக்லாந்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இப்படி ஒரு மையத்தில் தொண்டு செய்கிறேன். திருச்சியில் ஒன்பது வருடம் வக்கீலாக இருந்தவள். ஒருநாள் ஒரு குடும்பம் வந்தது (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). நான் போட்டிருந்தது இரண்டு நாற்காலி, வந்தது ஏழு பேர். ஒரு பாட்டியின் மடியில் பிஸ்கட் டின். பேச்சை ஆரம்பிக்கும் முன் எல்லாரும் தலை குனிந்து கரகியா சொன்னார்கள், அவர்கள் பிரார்த்தனை. ஒரு ஆளுக்கு அரை மணி நேரம்தான் கணக்கு. நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இதில் யார் கட்சிக்காரர்?" என்று கேட்டேன். "நாங்கள் எல்லாரும்தான்" என்றார் பாட்டி. அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

டின்னுக்குள் மடிப்பு கிழிந்த காகிதங்கள். வடக்கே ஒரு நிலத்தில் பாட்டியின் அம்மாவுக்குப் பங்கு. அவர் இறந்து முப்பது வருடம் ஆகியும் பெயர் மாறவில்லை. நம் ஊரில் பட்டா தாத்தா பெயரிலேயே கிடக்கும் இல்லையா, அதே கதை. ஆனால் காரணம் வேறு. 1865-ல் வெள்ளைக்கார அரசு ஒரு நில நீதிமன்றத்தை வைத்து, குலத்துக்கே பொதுவான நிலத்தைப் பத்துப் பேருக்கு மேல் போகாமல் பெயர் எழுதிப் பட்டா கொடுத்தது. அந்தப் பத்துப் பேர் விற்றால் மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இன்று மாவோரி நிலமாக மிஞ்சியிருப்பது நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 5 சதவீதம்தான். அந்த மிச்சத்துக்கு வாரிசுப் பதிவு செய்யவும் மாவோரி நில நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பல குடும்பங்களுக்கு அந்த வாசலே பயம்.

சிக்கல் பாட்டியின் தம்பி. அவர் ஃபாங்கை, அதாவது சித்தி பெற்று, இவர்கள் அம்மா எடுத்து வளர்த்த பிள்ளை. தத்துப் பத்திரம் கிடையாது. என்னைக் கேட்டிருந்தால் பங்கு கிடையாது என்று சொல்லியிருப்பேன். அங்கிருந்த மாவோரி வக்கீல் அம்மா அப்படிச் சொல்லவில்லை. யார் வளர்த்தது, எந்த வயதில் தூக்கி வந்தார்கள், சாவு வீட்டில் இவர் எங்கே உட்கார்ந்தார் என்று பாதி மாவோரியிலும் பாதி ஆங்கிலத்திலும் ஒரு மணி நேரம் கேட்டார். 1993-ம் வருட மாவோரி நிலச் சட்டத்தில் ஃபாங்கைப் பிள்ளை யார் என்பதை அந்தக் குலத்தின் வழக்கப்படியே நீதிமன்றம் முடிவு செய்யும். தம்பி அதுவரை வாயே திறக்கவில்லை. இதைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அவர் பெயரும் ஏறியது. மராயேயில், அதாவது அவர்கள் குலத்தின் பொதுக் கூடத்தில், மையம் நடத்திய வாரிசுப் பதிவு வகுப்புக்குப் பாட்டி சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டி வந்தார். தகராறு இல்லாத எளிய விண்ணப்பத்தை 2021 முதல் பதிவாளரே முடித்துத் தரலாம் என்பது அந்த வகுப்புக்கு வரும் வரை அவர்களில் பலருக்குத் தெரியாது.

"சலுகை கொடுத்துக் கெடுக்கிறீர்கள்" என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள். சட்டத்தை வைத்து எடுத்ததைச் சட்டத்தை வைத்தே திரும்பக் கேட்கச் சொல்லிக்கொடுப்பது சலுகை இல்லை.

அப்புறம், சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். இதே நாட்டில் இரண்டு வருடம் ஒவ்வொரு நேர்காணலிலும் "உள்ளூர் அனுபவம் இல்லை" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். வேலை கொடுக்காமல் உள்ளூர் அனுபவம் எங்கிருந்து வரும்? அந்த மையத்தில் மட்டும்தான் யாரும் அதைக் கேட்கவில்லை. உட்கார், கேள், எழுது என்றார்கள்.

உங்களுக்கு வாடகை பாண்ட் (வீட்டு முன்பணம்), சம்பள பாக்கி என்று எது இருந்தாலும் அருகில் இருக்கிற மையத்துக்குப் போங்கள். காகிதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.